பரிசுச்சீட்டும் குற்றமும்

லாட்டரிச் சீட்டு பெயர் எழுதப்படாத பத்திரம். காசோலையில் பெறுபவர் பெயர் உண்டு. கிரயப் பத்திரத்தில் பெயரோடு சாட்சியும் பதிவு எண்ணும் உண்டு. லாட்டரிச் சீட்டில் இருப்பது எண் மட்டுமே. நேற்று சில ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் வாங்கிய தாள் இன்று பிற்பகல் கோடி ரூபாய் பெறும். ஆனால் அந்தக் கோடி யாருடையது என்று அந்தத் தாள் சொல்லாது. யார் கையில் இருக்கிறதோ அவருடையது. லாட்டரியைச் சுற்றி உலகெங்கும் நடந்த குற்றங்களில் பெரும்பகுதி இந்த ஒரு தன்மையிலிருந்தே கிளைத்திருக்கிறது.

லாட்டரியும் குற்றமும் என்றதும் பொதுப்பேச்சில் முதலில் வருபவர் கூலியைச் சீட்டில் தொலைத்த குடும்பத் தலைவர். நீதிமன்றப் பதிவேடுகளில் முன்னிற்பவர்கள் வேறு ஆட்கள். குலுக்கல் இயந்திரத்துக்குக் காவல் இருந்த அதிகாரி, எண்ணைச் சரிபார்த்துச் சொன்ன கடைக்காரர், பரிசு பெற்றவருக்குக் கணக்கு வழக்குப் பார்த்துத் தருவதாக வந்த நண்பர் என நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களின் பட்டியல் அது. சட்டங்களோ பெரும்பாலும் சீட்டு வாங்குபவரின் ஆசையைக் கட்டுப்படுத்தவே எழுதப்பட்டிருக்கின்றன.

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் லாட்டரி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மத்திய அரசோ மாநில அரசோ நடத்தும் லாட்டரி ஒன்றியப் பட்டியலின் 40-வது இனம். பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34-வது இனம். ஆகவே ஒரே செயலை அரசு செய்தால் நாடாளுமன்றச் சட்டமும், தனியார் செய்தால் மாநிலச் சட்டமும் ஆள்கின்றன. நாடாளுமன்றம் 1998-ல் இயற்றிய லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் நான்காம் பிரிவு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்னென்ன நடந்தன என்பதற்கு மறைமுகமான சாட்சி. ஒற்றை இலக்கத்தின் அடிப்படையில் பரிசு தரக் கூடாது. முன்பே அறிவித்த எண்ணுக்குப் பரிசு கூடாது. சீட்டை மாநில அரசே தன் முத்திரையோடு அச்சிட வேண்டும். குலுக்கலை அரசே, தன் மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும். உரிமை கோரப்படாத பரிசு அரசுக்குச் சேர வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. கடைசி விதியைக் கடப்பது எளிது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பெயரில் ஏழு லாட்டரி நடத்தினால் விதியும் மீறப்படாது, விற்பனையும் நிற்காது. கேரளத்தில் நாள்தோறும் குலுக்கல் அப்படித்தான் நடக்கிறது.

குலுக்கலிலேயே கைவைத்த வழக்குகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் கற்பதற்கு அவற்றில்தான் அதிகம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1977-ல் மூன்று இலக்க லாட்டரி ஒன்றைத் தொடங்கியது. மூன்று கண்ணாடிப் பெட்டிகளில் பூச்சியம் முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பிங்பாங் பந்துகள் காற்றில் துள்ளும். மேலே உறிஞ்சப்படும் பந்தின் எண்ணே அன்றைய எண். குலுக்கல் பிட்ஸ்பர்க் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து தினமும் நேரடியாக ஒளிபரப்பானது. மக்கள் கண்முன் நடப்பதால் மோசடிக்கு இடமில்லை என்பது அதன் பெருமை.

1980 ஏப்ரல் 24 அன்று வந்த எண் 666. பரிசாகத் தர வேண்டியிருந்த தொகை 35 லட்சம் டாலர். அந்த லாட்டரி அதுவரை ஒரே நாளில் அவ்வளவு தந்ததில்லை. நடந்தது இதுதான்: நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் நிக் பெர்ரி, நிலையத்தின் கலை இயக்குநரைக் கொண்டு பந்துகளின் நகல்களைச் செய்யவைத்தார். 4, 6 ஆகிய இரு எண்களைத் தவிர மற்ற எல்லாப் பந்துகளுக்குள்ளும் ஊசியால் வெள்ளைப் பெயின்ட் செலுத்தப்பட்டது. சில துளிகள்தான், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கனமான பந்துகள் கீழேயே துள்ளிக்கொண்டிருந்தன. பந்துகளுக்குப் பொறுப்பான லாட்டரி அதிகாரி, அவை மாற்றிவைக்கப்படும் நேரத்துக்கு அறையை விட்டு விலகியிருந்தார். 4-ஐயும் 6-ஐயும் வைத்து எட்டே மூன்றிலக்க எண்கள்தான் அமைக்க முடியும். பெர்ரியின் கூட்டாளிகளான இரு சகோதரர்கள் அந்த எட்டு எண்களிலும் மாநிலம் முழுக்கச் சுற்றிச் சீட்டு வாங்கினார்கள்.

பிடிபட்டதற்குக் காரணமும் அந்தப் பேராசைதான். ஒரே ஆட்கள் ஒரே எட்டு எண்களில் கற்றை கற்றையாகச் சீட்டு வாங்கியதைப் பலர் கவனித்திருந்தார்கள். இன்னொரு தரப்பும் முணுமுணுத்தது. அரசு அறிவிக்கும் எண்ணையே தங்கள் எண்ணாக வைத்துக் கள்ளச்சூது நடத்திவந்த தெருத் தரகர்களுக்கும் அன்று பெரும் நட்டம். அரசு லாட்டரியில் மோசடி என்ற பேச்சைப் பரப்பியவர்களில் அவர்களும் உண்டு. 1981-ல் பெர்ரிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை கிடைத்தது. நேரடி ஒளிபரப்பு மோசடியைத் தடுக்கவில்லை. மக்கள் பார்த்தது பந்து துள்ளியதை. பந்துகளை அறையில் பூட்டி வைத்தவரை யாரும் பார்க்கவில்லை.

இத்தாலியில் எண்ணை எடுக்கக் கண்ணைக் கட்டிய சிறுவர்களைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. குழந்தை பொய் சொல்லாது என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை. 1999-ல் மிலான் நகரில் அந்த நம்பிக்கையும் உடைந்தது. கண்கட்டு வழியே பார்க்கவும், சூடேற்றப்பட்ட பந்தைத் தொட்டு அறிந்து எடுக்கவும் சிறுவர்கள் பழக்கப்படுத்தப்பட்டிருந்ததாகக் காவல் துறை கண்டறிந்து பலரைக் கைது செய்தது.

பந்துகளையும் சிறுவர்களையும் நம்ப முடியாதென்றால் கணினியிடம் விடலாம் என்பது அடுத்த கட்டம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் கூட்டமைப்பான பலமாநில லாட்டரிச் சங்கம் ஐயோவா மாநிலத்தில் இயங்குகிறது. அதன் கணினிகள், கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியிலிருந்து தொடக்க மதிப்பை எடுத்துத் தற்செயல் எண்களை உருவாக்கின. கணினிகள் கண்ணாடி அறையில் பூட்டப்பட்டிருந்தன, உள்ளே செல்ல ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும், கேமராக்கள் சுழன்றன. இவ்வளவு காவலுக்கும் உள்ளே இருந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர், பின்னர் அந்தச் சங்கத்தின் தகவல் பாதுகாப்பு இயக்குநராகவே உயர்ந்த எடி டிப்டன்.

அவர் சேர்த்த சில வரிகள் ஆண்டின் பெரும்பகுதியில் உறங்கிக்கிடக்கும். மே 27, நவம்பர் 23, டிசம்பர் 29 ஆகிய நாட்களில் ஒன்று புதன் அல்லது சனிக்கிழமையாக அமைந்து, நேரம் இரவு எட்டு மணியைக் கடந்திருந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். அப்போது கைகர் கருவி புறக்கணிக்கப்பட்டு, கணிக்கக்கூடிய சூத்திரம் ஒன்று வேலை செய்யும். கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள் சில நூறாகச் சுருங்கிவிடும். தணிக்கையாளர்கள் சோதித்த நாட்களில் மென்பொருள் குறையில்லாமல் ஓடியதில் வியப்பில்லை. 2005 நவம்பர் 23-ல் கொலராடோவில், 2007 டிசம்பர் 29-ல் விஸ்கான்சினில், 2011 நவம்பர் 23-ல் ஓக்லகோமாவில் என அவருடைய தம்பியும் நண்பர்களும் பரிசுகளைப் பெற்றார்கள். தம்பி டெக்சாசில் கீழ்நிலை நீதிபதியாக இருந்தவர் என்பது இந்த வழக்கின் கூடுதல் கசப்பு.

2010 டிசம்பர் 29 குலுக்கலில் ஹாட் லாட்டோ என்ற லாட்டரியில் விழுந்த பரிசு 1 கோடியே 65 லட்சம் டாலர். சீட்டு ஐயோவாவின் டெ மொய்ன் நகரப் பெட்ரோல் நிலையக் கடை ஒன்றில் விற்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஓராண்டு யாரும் வரவில்லை. கெடு முடியச் சில மணி நேரமே இருந்தபோது, மத்திய அமெரிக்காவின் பெலிசு நாட்டில் பதிவான அறக்கட்டளை ஒன்றின் சார்பில் நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் சீட்டோடு வந்தார். சீட்டை வாங்கியவர் யார் என்று சொல்ல அவர் மறுத்தார். ஐயோவா சட்டப்படி பெயர் சொல்லாமல் பணம் கிடையாது. அவர் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். கோடிக்கணக்கான டாலரை ஒருவர் வேண்டாம் என்று விட்டதுதான் விசாரணையைத் தீவிரமாக்கியது. கடைக் கேமராவில் முகத்தை மறைத்த தலைமூடி அணிந்த ஒருவரின் உருவமும் குரலும் பதிவாகியிருந்தன. 2014-ல் அந்தக் காணொளி வெளியானதும், உடன் வேலை பார்த்தவர்கள் குரலை அடையாளம் கண்டார்கள். 2017-ல் டிப்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 25 ஆண்டு வரையிலான தண்டனை விதிக்கப்பட்டது. 2022-ல் பரோலில் வெளிவந்தார்.

குலுக்கல் முடிந்த பிறகு அடுத்த ஆபத்து கடையின் மேசையில் காத்திருக்கிறது. சீட்டை நீட்டி “விழுந்திருக்கிறதா?” என்று கேட்பவர், பதிலுக்குக் கடைக்காரரின் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2001-ல் முதியவர் ஒருவரின் இரண்டரை லட்சம் டாலர் சீட்டைக் கடைக்காரர்கள் தங்களுடையதாகக் காட்டிப் பணம் வாங்கிவிட்டார்கள். முதியவர் தமக்குரியதைப் பெற லாட்டரிக் கழகத்தோடு ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. 2006-ல் கனடியத் தொலைக்காட்சி இதை வெளிக்கொணர்ந்தபோது, டொராண்டோ பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ஜெஃப்ரி ரோசந்தால் ஒரு கணக்குப் போட்டார். ஏழு ஆண்டுகளில் ஒண்டாரியோவில் 50,000 டாலருக்கு மேற்பட்ட பரிசுகளைச் சுமார் 200 கடைக்காரர்கள் வென்றிருந்தார்கள். அவர்கள் வாங்கிய சீட்டுகளின் அளவுக்கு வென்றிருக்க வேண்டியது சுமார் 57. இந்த இடைவெளி தற்செயலாக ஏற்பட வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். குற்றவாளி யார் என்று அந்தக் கணக்கு காட்டாது. குற்றம் நடக்கிறது என்பதை அது ஐயமின்றிக் காட்டிற்று.

2007-ல் மாநிலக் குறைதீர்ப்பாளர் ஆந்த்ரே மரன் வெளியிட்ட அறிக்கை லாட்டரிக் கழகத்தையே கடுமையாகச் சாடியது. கடைக்காரர்களை வாடிக்கையாளராகப் பாவித்துப் பாதுகாத்த கழகம், சீட்டு வாங்கியவரைச் சந்தேகத்தோடு நடத்தியது என்பது அதன் சாரம். பெரிய வழக்கு ஒன்று அதற்குப் பிறகுதான் முடிந்தது. 2003 டிசம்பர் குலுக்கலின் 1 கோடியே 25 லட்சம் டாலர் பரிசைக் கடைக்காரர் குடும்பம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தது. ஏழு கட்டுமானத் தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கிய சீட்டு அது. 2011-ல்தான் வட்டியோடு உரிய பணம் அவர்களுக்குக் கிடைத்தது. தாங்கள் வென்றதே ஏழு ஆண்டுகளாக அவர்களுக்குத் தெரியாது. பிறகு வந்த மாற்றங்கள் எளியவை: வாங்குபவர் சீட்டின் பின்புறம் கையெழுத்திட வேண்டும்; இயந்திரத்தின் திரை வாடிக்கையாளரை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்; பரிசு விழுந்தால் இயந்திரம் இசை எழுப்ப வேண்டும்; எவரும் தாமே சரிபார்க்கும் கருவி கடையில் இருக்க வேண்டும். இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. பத்தாண்டு முன்பே செய்திருக்கலாம்.

சீட்டில் பெயரில்லாதது திருடனுக்கு மட்டுமன்றிக் கறுப்புப் பணக்காரருக்கும் வசதி. பரிசு விழுந்த சீட்டை உண்மையான சொந்தக்காரரிடமிருந்து கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டால், கணக்கில் வராத பணம் அரசே தந்த பணமாகிவிடும். பாஸ்டன் நகரத் தாதா வைட்டி பல்ஜர் 1991-ல் 1 கோடியே 43 லட்சம் டாலர் பரிசுச்சீட்டு ஒன்றின் பங்குதாரராகத் தோன்றினார். தம் வருமானத்துக்கு விளக்கம் சொல்ல வழியில்லாத ஒருவருக்கு ஆண்டுதோறும் அரசிடமிருந்து காசோலை வரத் தொடங்கியது. பாஸ்டன் இருக்கும் அதே மாநிலத்தில் தந்தையும் இரு மகன்களும் 2011-க்குப் பிறகு 14,000-க்கும் மேற்பட்ட பரிசுச்சீட்டுகளைப் பிறரிடமிருந்து தள்ளுபடியில் வாங்கித் தங்கள் பெயரில் சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர் பெற்றார்கள். சீட்டின் சொந்தக்காரர்கள் வரிப்பாக்கியையோ குழந்தைப் பராமரிப்புப் பாக்கியையோ மறைக்க விரும்பியவர்கள். தங்கள் பெயர் வராமலிருக்க ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். ஒருவருக்கு இத்தனை முறை அதிர்ஷ்டம் அடிக்காது என்பதே இங்கும் வழக்கின் தொடக்கம்.

இந்தியாவில் எழுந்த குற்றச்சாட்டு வேறு வகை. சிக்கிம் அரசு லாட்டரியைக் கேரளத்தில் விற்றதில், 2009 ஏப்ரல் முதல் 2010 ஆகஸ்ட் வரை பரிசு விழுந்த சீட்டுகளின் தொகையைக் கூட்டிக் காட்டிச் சிக்கிம் அரசுக்குச் சுமார் 910 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுத்தப்பட்டதாகக் கோவையைச் சேர்ந்த சாந்தியாகோ மார்ட்டின் மீதும் அவர் நிறுவனத்தின் மீதும் புலனாய்வு அமைப்புகள் குற்றம் சாட்டின. நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டிய விஷயம் அது. முடிவான தகவல் ஒன்று 2024 மார்ச்சில் வெளியானது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வெளிவந்த தேர்தல் பத்திரப் பட்டியலில், நாட்டிலேயே அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது அவருடைய ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்; தொகை 1,368 கோடி ரூபாய். விற்பனையை முகவர் கையில் முழுவதுமாக விட்டுவிட்ட சிறிய மாநிலத்துக்கு, விற்ற சீட்டு எத்தனை, விற்காதது எத்தனை என்பதை அறியவே முகவரின் கணக்கு வேண்டும். 1998-ம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

பரிசு பெற்றவருக்கு எதிரான குற்றங்களில், ஒரு நாட்டின் வழக்கத்தையே மாற்றியது சிட்னியில் நடந்த கிரேம் தோர்ன் வழக்கு. சிட்னி இசை நாடக அரங்கத்தைக் கட்டப் பணம் திரட்ட நியூ சவுத் வேல்ஸ் அரசு தனி லாட்டரி நடத்தியது. 1960 ஜூன் முதல் நாள் அதன் பத்தாவது குலுக்கலில் பேசில் தோர்ன் என்ற விற்பனையாளருக்கு ஒரு லட்சம் பவுண்டு விழுந்தது. அக்கால வழக்கப்படி நாளேடுகள் அவருடைய பெயரையும் முகவரியையும் முதல் பக்கத்தில் வெளியிட்டன. அதை இன்று கொடுமை என்று சொல்வது எளிது. அன்று எவருக்கும் அது தவறாகப் படவில்லை. லாட்டரி நேர்மையாக நடக்கிறது, சாதாரண மனிதருக்கே விழுகிறது என்று காட்டும் ஒரே சான்று அதுவாகத்தான் இருந்தது.

சில நாட்களில் தனியார் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தோர்ன் வீட்டுக் கதவைத் தட்டி, வேறு யாரையோ தேடுவதுபோல விசாரித்துத் தொலைபேசி எண்ணை உறுதிசெய்துகொண்டு போனார். ஜூலை 7 காலை, பள்ளிக்கு அழைத்துச் செல்லும் குடும்ப நண்பரின் காருக்காகத் தெருமுனையில் நிற்க வேண்டிய எட்டு வயதுச் சிறுவன் கிரேம் அங்கே இல்லை. சிறிது நேரத்தில் 25,000 பவுண்டு கேட்டுத் தொலைபேசி வந்தது. எடுத்துப் பேசிய காவலருக்கு அந்தக் குடும்பம் லாட்டரியில் வென்றதே தெரியாது. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் பிணைப்பணத்துக்காகக் குழந்தையைக் கடத்திய முதல் வழக்கு அது. காவல் துறையிடம் அதற்கான பழக்கமோ முறையோ இல்லை.

ஆகஸ்ட் 16-ல் சீஃபோர்த் பகுதியில் சிறுவனின் உடல் கம்பளத்தில் சுற்றிக் கிடந்தது. அதன் பிறகு நடந்த தடயவியல் வேலை இன்றும் பாடமாகப் பேசப்படுகிறது. கம்பளத்தில் ஒட்டியிருந்தது பெக்கினீஸ் வகை நாயின் முடி. உடையில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக் காரையின் துகள்கள். இருவகைச் சைப்ரஸ் மரங்களின் தாவரத் துணுக்குகளும் கிடைத்தன. அவற்றில் ஒரு வகை சிட்னியில் அரிது. இளஞ்சிவப்புக் காரையில் கட்டிய, முற்றத்தில் அந்த இரு மரங்களும் நிற்கும் வீட்டைக் காவலர்கள் தேடினார்கள். கிளான்டார்ஃப் பகுதியில் அப்படி ஒரு வீடு கிடைத்தது. அதில் குடியிருந்த ஸ்டீஃபன் பிராட்லி, கடத்தல் நடந்த அன்றே வீட்டைக் காலி செய்திருந்தார். ஹங்கேரியிலிருந்து குடியேறியவர் அவர்.

அதற்குள் பிராட்லி குடும்பத்தோடு ‘ஹிமாலயா’ என்ற பயணிகள் கப்பலில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டுவிட்டார். வழியில் கப்பல் தொடும் துறைமுகங்களில் ஒன்று கொழும்பு. 1960 அக்டோபர் 10 அன்று கப்பல் அங்கே வந்தபோது இலங்கைக் காவல் துறை அவரைக் கைது செய்தது. சிட்னியிலிருந்து துப்பறிவாளர்கள் கொழும்புக்குப் பறந்தார்கள். அங்கே நீதிமன்ற விசாரணை முடிந்து நவம்பரில் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். 1961 மார்ச் 29-ல் ஆயுள் தண்டனை. 1968-ல் கூல்பர்ன் சிறையில் இறந்தார். வழக்குக்குப் பிறகு கடத்தலுக்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. பரிசு பெற்றவர் விரும்பினால் பெயர் வெளியிடப்படாது என்ற ஏற்பாடும் வந்தது.

அமெரிக்கா அந்தப் பாடத்தைக் கற்க அவசரப்படவில்லை. ஃபுளோரிடாவில் 2006-ல் ஏப்ரகாம் ஷேக்ஸ்பியர் என்ற தொழிலாளிக்கு 3 கோடி டாலர் பரிசு விழுந்தது. மொத்தமாகப் பெற்றதால் கைக்கு வந்தது சுமார் 1 கோடியே 70 லட்சம். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அவர் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதப்போவதாக வந்த டோரிஸ் மூர் பண நிர்வாகத்தைக் கையிலெடுத்து, மிச்சமிருந்ததைத் தன் வசமாக்கினார். 2009 ஏப்ரலில் ஷேக்ஸ்பியர் காணாமல் போனார். 2010 ஜனவரியில் சிமென்ட் தளத்துக்கு அடியில் உடல் கிடைத்தது. மூருக்கு 2012-ல் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. ஃபுளோரிடாவில் பரிசு பெற்றவர் பெயர் பொது ஆவணமாக இருந்தது. இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் பெறுபவரின் பெயரை 90 நாள் மறைத்துவைக்கும் சட்டம் 2022-ல்தான் அங்கே வந்தது.

பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்பதில் எளிய விடை கிடையாது. தோர்ன் வழக்கு மறைக்கச் சொல்கிறது. டிப்டன் வழக்கு சொல்லச் சொல்கிறது. ஐயோவா சட்டம் பெயர் கேட்காமல் பணம் தந்திருந்தால் டிப்டன் இன்று கோடீசுவரர். நியூ ஹாம்ப்ஷயரில் 2018-ல் 56 கோடி டாலர் வென்ற பெண் ஒருவர், சீட்டின் பின்னால் கையெழுத்திட்டுவிட்டார். அந்தக் கையெழுத்தாலேயே அவர் பெயர் பொது ஆவணமாகிவிடும் நிலை. பெயரை மறைக்க அவர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. நீதிமன்றம் அவர் கேட்டதை ஏற்றது. லாட்டரி நிர்வாகமும் தணிக்கையாளரும் பெயரை முழுவதும் அறிந்திருப்பது, நாளேடுகள் அறியாமலிருப்பது என்ற ஏற்பாடே இரண்டு ஆபத்தையும் ஓரளவு தாங்குகிறது. கேரளத்தில் 2022 ஓணம் பம்பர் பரிசான 25 கோடி ரூபாயை வென்ற ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருவோரின் கூட்டத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை, வெல்லாமலே இருந்திருக்கலாம் என்று சில நாட்களிலேயே வெளிப்படையாகச் சொன்னார். மாநில அரசு பிறகு முதல் பரிசு பெறுவோருக்குப் பண மேலாண்மைப் பயிற்சி தொடங்கியது.

லாட்டரியே இல்லாமல் நடக்கும் லாட்டரிக் குற்றமும் உண்டு. ஜமைக்காவின் மாண்டிகோ பே வட்டாரத்திலிருந்து அமெரிக்க முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, பரிசு விழுந்திருக்கிறது, வரி கட்டினால் பணம் வரும் என்று முன்பணம் பறிக்கும் தொழில் வளர்ந்தது. அந்தப் பணத்துக்கான கும்பல் மோதலில் பல உயிர்கள் போயின. 2013-ல் ஜமைக்கா அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் பிரபலத் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்சம் ரூபாய் விழுந்ததாக வரும் வாட்ஸ்அப் செய்தி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. சீட்டே வாங்காதவருக்குப் பரிசு எப்படி விழும் என்ற ஒரே கேள்வியில் இந்த மோசடி உடைந்துவிடும். ஆனால் தனிமையில் இருக்கும் முதியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அருகில் ஆள் இருப்பதில்லை.

தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது நிழல் லாட்டரி. இதன் முன்மாதிரி 1920-களின் நியூயார்க் ஹார்லெம். அங்கே நடந்த மூன்றிலக்க எண் சூதில் நடத்துபவர் தாமாகக் குலுக்குவதில்லை. வங்கிகளின் காசோலைத் தீர்வகம் அன்றாடம் வெளியிடும் தொகைகளிலிருந்தும், பின்னர் குதிரைப்பந்தய வசூல் தொகையிலிருந்தும் எண் எடுக்கப்பட்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு விழும். விழுந்தால் சுமார் 600 மடங்கு கிடைக்கும். பிறர் வெளியிடும் எண் என்பதால் ஆடுபவருக்கு நம்பிக்கை. டச்சு ஷுல்ட்ஸ் என்ற தாதா அந்தத் தொழிலைப் பிடித்தபோது, கணக்கில் வல்லவரான ஓட்டோ பெர்மனைக் கொண்டு, கடைசி நேரத்தில் பந்தயத் திடலில் பணம் கட்டி எண்ணையே மாற்றினார். மும்பையின் மட்கா சூதும் நியூயார்க் பருத்திச் சந்தை விலையில் பந்தயம் கட்டியதிலிருந்துதான் தொடங்கியது.

தமிழ்நாட்டில் அண்ணா தலைமையிலான அரசு 1968-ல் லாட்டரியைத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் அக்காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கியது. 1990-களில் பிற மாநிலச் சீட்டுகளும் ஒற்றை இலக்கச் சீட்டுகளும் பெருகின. வெளிமாநிலச் சீட்டைத் தடுக்க 1998-ம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் தானே லாட்டரி நடத்தும் மாநிலம் பிறர் லாட்டரியைத் தடுக்க முடியாது என்பது 1999-ல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஆகவே 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை விதித்தபோது தமிழ்நாட்டின் சொந்த லாட்டரியும் சேர்ந்தே முடிந்தது.

தடைக்குப் பின் எழுந்ததுதான் மூன்று நம்பர் லாட்டரி. திருவனந்தபுரத்தில் பிற்பகலில் குலுக்கி அறிவிக்கப்படும் கேரள லாட்டரியின் முதல் பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கம் எதுவோ அதுவே இங்கே வெற்றி எண். அச்சிட்ட சீட்டு வேண்டாம். வெள்ளைத் துண்டுத்தாளில் எழுதிய எண் போதும். இப்போது அதுவும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ஹார்லெமைப் போலவே நடத்துபவர் பிறரின் நேர்மையை இரவல் வாங்குகிறார். எண்ணில் பொய் இல்லை. பொய் வேறிடத்தில் இருக்கிறது: பெரிய தொகை விழுந்த அன்று ஆளைக் காணோம். நாடாளுமன்றம் தடுத்த ஒற்றை இலக்கச் சூது, மூன்று இலக்கமாகிக் கேரள அரசின் எண்ணைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர், மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என ஐந்து பேர் இறந்தார்கள். இறப்பதற்கு முன் அவர் பதிவுசெய்த காணொளியில் மூன்று நம்பர் லாட்டரியை ஒழிக்கும்படி கேட்டிருந்தார். தொடர்ந்து மாநிலமெங்கும் கைதுகள் நடந்தன. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் தெருவில் எண் எழுதும் ஆட்கள். கேரளத்தின் அசல் சீட்டும் எல்லை தாண்டி வருகிறது. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டினர் நால்வர் வென்றபோது, அந்தச் சீட்டு கேரளத்துக்கு வெளியே கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று புகார் எழுந்தது.

இந்தக் குற்றங்களை விசாரிக்கும் கருவியிலும் ஒரு குறை இருக்கிறது. 1998-ம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, சட்டத்துக்கு மாறான லாட்டரியில் முகவராக இருப்பவருக்கும், சீட்டு விற்பவருக்கும், வாங்குபவருக்கும் ஒரே தண்டனையை, அதாவது இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவலையோ அபராதத்தையோ இரண்டையுமோ, விதிக்கிறது. குற்றம் பிணையில் விட முடியாதது. பணம் தராமல் ஏமாற்றப்பட்டவர் காவல் நிலையத்துக்குப் போனால் அவரே முதல் குற்றவாளி. ஆகவே அவர் போவதில்லை. ஒண்டாரியோவில் முதியவர் ஒருவர் விடாமல் புகார் செய்ததால்தான் ஒரு மாநிலத்தின் கடைகள் அத்தனையும் திருத்தப்பட்டன. அப்படி ஒரு புகார்தாரர் தமிழ்நாட்டில் தோன்றச் சட்டம் இன்று இடம் தரவில்லை. ஏழாம் பிரிவிலிருந்து சீட்டு வாங்குபவரை நீக்கி, அவரைச் சாட்சியாக ஏற்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும்.